வயிற்றுப் புண்ணின் வரலாறு: மிளகாய் மேல் விழுந்த பழி

 

பரிசளிப்பு விழா மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டபோது, எதை எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதலாம். தாய்மொழியின் பெருமையைப் பற்றி எழுதலாம். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். ஆகவே நான் வயிற்றைப் பற்றி எழுதப் போகிறேன். என்ன, சிரிக்கிறீங்களா? சிரியுங்கள். ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

பெரியப்பாவின் வயிறு

என் பெரியப்பா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய்விடுவார். வெறும் வயிற்றில் ஒரு கோப்பை கருப்புக் கோப்பி; அதோடு மரத்துக்குப் போனால் பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டு வரும் வரைக்கும் வேறொன்றும் கிடையாது. அவருக்கு வயிற்று வலி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். "நெஞ்சுக்குக் கீழே யாரோ கொள்ளிக்கட்டைய வெச்சு அழுத்துற மாதிரி இருக்குடா" என்பார். இரண்டு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றால் கொஞ்சம் அடங்கும். மறுநாள் இரவு மறுபடியும் வரும்.

தோட்டத்து டிரசர் ஒரு வெள்ளைத் தண்ணி மருந்து கொடுப்பார். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருக்கும். கூடவே மூன்று புத்திமதி: காரத்தைக் குறை, கள்ளை நிறுத்து, கவலைப்படாதே. பெரியப்பா கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு தோட்டச் சம்பளத்தில் கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மிஞ்சியது காரம். அந்தப் பழி முழுவதும் பெரியம்மாவின் குழம்புச் சட்டி மேல் விழுந்தது. "இவ வெக்கிற மொளகாக் கொழம்புதான் மனுசன் வயித்தை ஓட்டை போட்டுருச்சு" என்று லயத்தில் பேசாத வாய் இல்லை.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெரியப்பா மிளகாயைத் தொடவில்லை. கல்யாண வீட்டு விருந்தில்கூட சோறும் மோரும்தான். ஆனாலும் வலி போகவில்லை. 1974-ஆம் ஆண்டு ஒருநாள் இரத்தமாக வாந்தி எடுத்தார். தோட்டத்து லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த மருத்துவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் அதுதான் வைத்தியம். ஆனால் அந்த நோய்க்கு உண்மையான காரணம் என்ன என்பது அன்று உலகத்துக்கே தெரியாது. அது எப்படித் தெரிய வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அமிலம் என்ற ஒரே பதில்

நம் இரைப்பையில் ஓர் அமிலம் சுரக்கிறது. உண்ட உணவைக் கரைக்க அது வேண்டும். அந்த அமிலம் இரைப்பையின் சுவரையே அரித்துவிடாதபடி, சளி போன்ற ஒரு பூச்சு உள்ளே போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வை பழுதாகி, சுவர் அரிக்கப்பட்டால் அதுவே புண். இரைப்பையில் வந்தால் இரைப்பைப் புண். அதை அடுத்துள்ள முன்சிறுகுடலில் வந்தால் குடற்புண்.

1910-ஆம் ஆண்டில் கார்ல் ஷ்வார்ட்ஸ் என்ற ஐரோப்பிய மருத்துவர், அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று ஒரு கருத்தைச் சொன்னார். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் மருத்துவ உலகம் அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நகரவே இல்லை. 1915-இல் சிக்காகோ நகரத்து பெர்ட்ரம் சிப்பி என்பவர், மணிக்கொரு தடவை பாலும் பாலாடையும் கொடுத்து அமிலத்தை அடக்கும் பத்தியத்தை வகுத்தார். 1940-களில் வயிற்றுக்குப் போகும் நரம்பை அறுத்து அமிலத்தைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை வந்தது. அதற்கும் மேலே போனால், என் பெரியப்பாவுக்குச் செய்ததுபோல் வயிற்றையே வெட்டுவது.

1976-இல் ஒரு நல்ல செய்தி வந்தது. ஜேம்ஸ் பிளாக் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியின் உழைப்பால் சிமெடிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அமிலச் சுரப்பையே அது அடக்கியது. புண் ஆறியது, கத்திக்கு வேலை குறைந்தது. அவருக்கு 1988-இல் நோபல் பரிசும் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, பல பேருடைய உயிரைக் காத்த மருந்து அது. ஆனால் ஒரு குறை இருந்தது. மாத்திரை தின்னும் வரை புண் ஆறியிருக்கும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்துவிடும். ஆகவே பல நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் மாத்திரை தின்றார்கள். கூரை ஒழுகுகிறது என்று தினமும் கீழே வாளி வைப்பதைப் போன்ற வேலைதான் இது. ஓட்டை எங்கே என்று யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

நோய்க்கு மருந்து கொடுக்கும் முன்னால் அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நம் வள்ளுவப் பெருந்தகை எப்போதோ சொல்லி வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் காரணத்தைத் தேடுவது மனப்பாடம் செய்கிற மாதிரி எளிதல்ல.

கண்டும் காணாத கண்கள்

மாணவச் செல்வங்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். வயிற்றுக்குள் கிருமி இருப்பதை அதற்கு முன்பு யாரும் பார்க்காமல் இல்லை. 1893-இல் இத்தாலி நாட்டு ஜூலியோ பிட்சோசெரோ என்பவர் நாயின் வயிற்றில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்து எழுதி வைத்தார். 1899-இல் போலந்து நாட்டு வலெரி யாவோர்ஸ்கி என்பவர் மனித வயிற்று நீரிலேயே அப்படிப்பட்ட கிருமிகளைக் கண்டார். ஆனால் 1954-இல் அமெரிக்காவில் எடி பால்மர் என்ற மருத்துவர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் வயிற்றுத் திசுவைச் சோதித்துவிட்டு, கிருமி ஒன்றும் இல்லை என்று எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கிருமியைத் தெளிவாகக் காட்டும் வெள்ளிச் சாயத்தை அவர் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். "இவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமி உயிர் வாழும்?" என்ற எண்ணம் ஏற்கெனவே எல்லார் மனத்திலும் இருந்தது. பால்மரின் ஆய்வும் வந்ததும் கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கதவைத் தட்டிய ஒருவரையும் சொல்ல வேண்டும். கிரேக்க நாட்டில் மிசோலோங்கி என்ற ஊரில் ஜான் லிகூடிஸ் என்ற மருத்துவர் இருந்தார். 1958-இல் தமக்கே வந்த வயிற்று நோய்க்கு ஆண்டிபயோடிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்தார். குணம் தெரிந்தது. தம்மிடம் வந்த வயிற்றுப் புண் நோயாளிகளுக்கும் அதே வகை மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார். மருத்துவ இதழ்கள் அவருடைய கட்டுரையை வாங்கிக்கொள்ளவில்லை. 1968-இல் அவருக்கு 4,000 டிராக்மா அபராதம் விதித்தார்கள். தாம் கண்டது சரிதான் என்று உலகம் ஒப்புக்கொள்வதைப் பார்க்காமலே 1980-இல் அவர் காலமானார்.

பெர்த் நகரத்து இருவர்

இனி நம் கதை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரத்துக்குப் போகிறது. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஐந்தாறு மணி நேரப் பயணம். அங்கே ராயல் பெர்த் மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சிறு துண்டுத் திசுவை நுண்ணோக்கியின் கீழே வைத்து, என்ன நோய் என்று சொல்வது அவர் தொழில். அமைதியான மனிதர்.

1979 ஜூன் மாதம், அவருடைய 42-ஆவது பிறந்தநாள் அன்று, ஒரு நோயாளியின் வயிற்றுத் திசுவில் மெல்லிய நீலக் கோடு ஒன்று படிந்திருப்பதைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தால், ஆயிரக்கணக்கில் கிருமிகள்! பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டினார். அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. வெள்ளிச் சாயம் ஏற்றிக் காட்டினார். அப்போது பளிச்சென்று தெரிந்தது. "சரி, இருந்துட்டுப் போகட்டும், அதனால என்ன?" என்ற மாதிரிதான் பலரும் நடந்துகொண்டார்கள். வாரன் விடவில்லை. எங்கே கிருமி இருக்கிறதோ அங்கே வயிற்றின் சுவர் வீங்கிப் புண்பட்டிருக்கிறது என்பதை இரண்டு ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு திசுவாகப் பார்த்துக் குறித்து வைத்தார்.

1981-இல் அவரிடம் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் பேரி மார்ஷல். தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியில் 1951-இல் பிறந்தவர். பயிற்சி மருத்துவர், ஆராய்ச்சியில் பெயர் எடுத்தவர் அல்ல. "வாரன் ஏதோ கிருமி என்கிறார், போய்ப் பார்" என்ற அளவில்தான் அனுப்பி வைத்தார்கள். போய்ப் பார்த்தவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார்.

இருவரும் சேர்ந்து, வயிற்றுக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்க்க வந்த 100 நோயாளிகளிடம் திசு எடுத்துச் சோதித்தார்கள். கிருமியை நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. அதைத் தட்டில் வளர்த்துக் காட்டுவது வேறொன்று. வளர்த்துக் காட்டினால்தான் உலகம் நம்பும். முதல் முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தட்டுகளில் ஒன்றுமே முளைக்கவில்லை. ஆய்வுக்கூட வழக்கப்படி இரண்டு நாள் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் தட்டைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

1982 ஏப்ரல் மாதம். ஈஸ்டர் விடுமுறை. ஆய்வுக்கூடத்திலும் வேலை நெருக்கடி. ஒரு தட்டை யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். ஐந்து நாட்கள் கழித்து எடுத்துப் பார்த்தால், அதில் கிருமி வளர்ந்திருந்தது! அடேங்கப்பா, இத்தனை மாதம் தோற்றதற்குக் காரணம் கிருமி இல்லாதது அல்ல, காத்திருக்காதது. இந்தக் கிருமி மெதுவாக வளரும் சாதி. விடுமுறை என்ற அதிர்ஷ்டம் வந்து கதவைத் திறந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: முப்பது முறை தோற்ற பிறகும் முப்பத்தைந்தாவது நோயாளியின் தட்டையும் வைத்தார்களே, அதனால்தான் அதிர்ஷ்டத்துக்கு நுழைய இடம் கிடைத்தது.

100 பேரில் 58 பேர் வயிற்றில் அந்தக் கிருமி இருந்தது. குடற்புண் உள்ள 13 பேரில் 13 பேருக்கும் இருந்தது. இரைப்பைப் புண் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது.

ஒரு கோப்பை கிருமி

இதைக் கேட்டதும் உலகம் மாலை போட்டு வரவேற்றது என்று நினைக்கிறீங்களா? இல்லை. 1983-இல் ஆஸ்திரேலிய வயிற்று மருத்துவர் சங்கக் கூட்டத்தில் பேச மார்ஷல் அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தைத் தள்ளிவிட்டார்கள். அதே 1983-இல் 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் இருவரும் கடிதங்கள் எழுதினார்கள். 1984-இல் அதே இதழில் முழுக் கட்டுரையும் வந்தது. அப்போதும் நிபுணர்கள் கேட்ட கேள்வி நியாயமானதே: "புண் இருக்கும் இடத்தில் கிருமி இருக்கிறது, சரி. புண் வந்த பிறகு கிருமி வந்து குடியேறியதா? கிருமி வந்ததால் புண் வந்ததா? எது முந்தி?"

இதற்குப் பதில் சொல்ல, நல்ல வயிற்றில் கிருமியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். பன்றிக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் மார்ஷல். அவற்றை அது தொற்றவில்லை. இன்னொரு மனிதருக்குக் கொடுக்க மனசாட்சி இடம் தராது. மீதி யார்? அவரேதான்.

1984-ஆம் ஆண்டின் நடுவில், முதலில் தம் வயிற்றைச் சோதித்து, கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமியைக் கரைசலாக்கி ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 32. மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. (மாணவர்களே, வீட்டுக்குத் தெரியாமல் எதையாவது குடிப்பதற்கு இதை உதாரணம் காட்டாதீர்கள்! அவர் மருத்துவர், அந்தக் கிருமியை எந்த மருந்து கொல்லும் என்று முன்பே சோதித்து வைத்துக்கொண்டுதான் குடித்தார்.)

சில நாட்கள் ஒன்றும் இல்லை. பிறகு வயிறு உப்புசம், காலையில் எழுந்ததும் வாந்தி. வாயில் நாற்றம் அடிப்பதாக வீட்டில் சொன்னார்கள். பத்தாவது நாள் குழாய் விட்டுப் பார்த்தபோது, நன்றாக இருந்த வயிற்றின் சுவர் வீங்கிப் போயிருந்தது, கிருமிகள் குடியேறியிருந்தன. விஷயம் தெரிந்ததும் மனைவி சும்மா விடுவாரா? "போதும் ஆராய்ச்சி, மருந்தைச் சாப்பிடுங்க" என்ற நிலை. மருந்து எடுத்துக் குணமானார். 1985-இல் இந்தச் சோதனையை எழுதி வெளியிட்டார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மார்ஷலுக்கு வந்தது புண் அல்ல. புண்ணுக்கு முன்படியான வயிற்று அழற்சி. பலர் கதையைச் சுவையாக்க, அவருக்குப் புண்ணே வந்ததாகச் சொல்வார்கள். அது சரியல்ல. ஆனால் நல்ல வயிற்றை இந்தக் கிருமி கெடுக்கும் என்பது அன்று ருசுவாகிவிட்டது.

கணக்கு சொன்ன தீர்ப்பு

ஒருவர் குடித்துக் காட்டியதால் மட்டும் வைத்தியம் மாறிவிடாது. கணக்கு வேண்டும். பெர்த் நகரத்தில் குடற்புண் உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டு, சிலருக்கு அமிலத்தை அடக்கும் மருந்து, சிலருக்கு பிஸ்மத் என்ற பழைய வயிற்று மருந்து, அவற்றோடு சிலருக்குக் கிருமிக்கொல்லி என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1988-இல் வெளிவந்தது. கிருமி ஒழிந்தவர்களில் 92 விழுக்காட்டினருக்குப் புண் ஆறியது. கிருமி ஒழியாதவர்களில் 61 விழுக்காட்டினருக்குத்தான் ஆறியது. அதைவிட முக்கியம் அடுத்த கணக்கு: ஓராண்டுக்குள் புண் திரும்பி வந்தது, கிருமி ஒழியாதவர்களில் 84 விழுக்காடு, ஒழிந்தவர்களில் 21 விழுக்காடு மட்டுமே.

பார்த்தீங்களா வித்தியாசத்தை? ஆயுள் முழுக்க வாளி வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கூரை ஓட்டையை அடைக்க வழி கிடைத்துவிட்டது.

1989-இல் அந்தக் கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் நிலைத்தது. 1994-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் குழு, கிருமி உள்ள புண் நோயாளிகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஒரு காரணம் என்று அறிவித்தது. 2005-இல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வாரன் 2024-இல், தம் 87-ஆவது வயதில் காலமானார்.

அமிலத்தில் கிருமி எப்படி வாழ்கிறது?

"இரும்பையே அரிக்கும் அமிலத்தில் கிருமி எப்படி ஐயா வாழும்?" என்று நிபுணர்கள் கேட்டதையே நீங்களும் கேட்கலாம். இந்தக் கிருமி யூரியேஸ் என்ற ஒரு நொதியைச் சுரக்கிறது. வயிற்றில் இயல்பாக இருக்கும் யூரியாவை உடைத்து அது அம்மோனியாவை உண்டாக்குகிறது. அம்மோனியா அமிலத்தின் கடுமையைத் தணிக்கும். அதாவது, தன்னைச் சுற்றி ஒரு குடை பிடித்துக்கொண்டே கிருமி நீந்திப் போகிறது. திருகாணி போன்ற உடம்பு. பின்னால் வால் போன்ற இழைகள். சளிப் போர்வைக்குள் துளைத்துக்கொண்டு போய், அமிலம் எட்டாத அடிப்பக்கத்தில் குடும்பம் நடத்துகிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து சுவரைப் பலவீனப்படுத்துகிறது. பலவீனப்பட்ட இடத்தை அமிலம் அரிக்கிறது. ஆக, அமிலம் குற்றவாளிக்கு உடந்தை. கதவைத் திறந்துவிட்டது கிருமி.

இந்தக் குடையை வைத்தே அதைப் பிடிக்கவும் வழி கண்டார்கள். அடையாளமிட்ட யூரியாவை விழுங்கச் சொல்லி, பிறகு ஒரு பையில் மூச்சை ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்துவிடும். அந்த அடையாளம் மூச்சில் வெளிவரும். மலத்தைச் சோதித்தும் கண்டுபிடிக்கலாம்.

நம் வீட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது. 1990-களிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகளில், நம் நாட்டில் இந்தியரிடமும் சீனரிடமும் இந்தக் கிருமி அதிகம், மலாய்க்காரரிடம் குறைவு என்று தெரிந்தது. ஏன்? நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது இந்தக் கிருமியும் அவர்கள் வயிற்றில் வந்து, பிறகு அந்தந்தச் சமூகத்துக்குள்ளேயே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றி வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். ஆனால் இந்தியருக்குக் கிருமி அதிகம் இருந்தும், இரைப்பைப் புற்றுநோய் சீனரைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. இதன் முழுக் காரணத்தை ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. வாய் வழியாகவும், சுத்தமில்லாத கை, தண்ணீர் வழியாகவும் பரவுகிறது. நெருக்கமான வீடு, சுகாதாரக் குறைவான தண்ணீர், கழிவறைக் குறைவு இவை இருக்கும் இடத்தில் அதிகம். வீட்டு வசதி உயர உயர, இளைய தலைமுறையிடம் குறைந்துகொண்டு வருகிறது.

தோழர்களே, இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் அறையும் ஓர் அடுப்படியும் கொண்ட லயத்து வீட்டில் எட்டுப் பேர் வளர்ந்தோம். பல குடும்பங்களுக்கு ஒரே குழாய். என் பெரியப்பாவின் புண்ணுக்கு எது காரணம் என்று இன்று யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரைப் போன்ற மனிதர்களின் வயிற்றைக் கெடுத்தது அவர்கள் தின்ற மிளகாய் அல்ல. பெரும்பாலும் அவர்கள் பிள்ளைப் பருவத்தைக் கழித்த நெருக்கடிதான். குற்றம் சாட்டியதோ மிளகாயையும் அதை அரைத்த கையையும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

வலி இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு நேராக மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். உலகத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது; அவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. எல்லாப் புண்ணும் கிருமியால் வருவதும் இல்லை. முட்டிவலிக்கும் இடுப்புவலிக்கும் வாங்கித் தின்னும் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். காரம் புண்ணை எரிய வைக்கும், ஆனால் உண்டாக்காது. புகைப்பது புண் ஆறுவதைத் தடுக்கும்.

ஆகவே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், "டாக்டர், எனக்குக் கிருமி இருக்கான்னு பார்க்கணும்" என்று வாய் திறந்து கேளுங்கள். மலம் தார் போல் கறுத்துப் போனால், இரத்த வாந்தி வந்தால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

கிருமி இருந்தால், அமிலத்தை அடக்கும் மருந்தோடு இரண்டு அல்லது மூன்று வகை மருந்துகளைச் சேர்த்து, பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்பார்கள். வாய் கசக்கும், வயிறு கலங்கும். நம்மவர்கள் நான்காம் நாள் வலி குறைந்ததும், "சரியாயிருச்சு" என்று மீதி மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அங்கேதான் தவறு. அரைகுறையாக அடிபட்ட கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து கேட்காது. உலகம் முழுவதும் இன்று மருத்துவர்களுக்கு இதுவே பெரிய தலைவலி. கடைசி மாத்திரை வரைக்கும் முடியுங்கள். முடித்து ஒரு மாதமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வாரனும் மார்ஷலும் உலகப் புகழ் பெற்ற ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. வாரன் செய்தது, தன் கண்ணால் கண்டதை நம்பியது. மார்ஷல் செய்தது, முப்பது முறை தோற்றும் அடுத்த தட்டை வைத்தது. புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றை நம்பாதீர்கள்; புத்தகத்தைப் படிக்காமலும் மறுக்காதீர்கள். ஆசிரியரிடம் "ஏன்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களே, கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள்.

இனி பெரியம்மா கதையைச் சொல்லி முடிக்கிறேன். 2005-இல் நோபல் பரிசுச் செய்தி பத்திரிகையில் வந்தது. பெரியப்பா அப்போது இல்லை. பெரியம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போது உங்களுக்குச் சொன்ன கதையை எல்லாம் சொன்னேன். கிருமி, பெர்த், கோப்பையில் குடித்த டாக்டர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ என் கொழம்பால இல்லையாடா?"

"இல்ல பெரியம்மா" என்றேன்.

முப்பது வருசத்துக்கு மேல் அந்தப் பழியை மனத்தில் சுமந்திருக்கிறார். அன்று சாயங்காலம் எனக்கு மிளகாய்க் குழம்பு வைத்துக் கொடுத்தார். அப்படி ஒரு குழம்பை அதற்கு முன்பும் நான் சாப்பிட்டதில்லை, பின்பும் இல்லை.

அன்புடையீர், உங்கள் வீட்டிலும் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவில் எழுந்து உட்கார்ந்தால், சமைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். மறுநாள் காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!

— பழைய மாணவர் ஒருவர்